வெப்ப வியாழன்: ஹாட் ஜூப்பிட்டருக்குத் தமிழில் எந்தச் சொல்?

வானியலில் ஒரு வகைக் கோளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஹாட் ஜூப்பிட்டர் என்ற பெயரின் இரண்டு பாதியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஜூப்பிட்டர் என்பது இங்கே நம் சூரியனைச் சுற்றும் வியாழன் அல்ல. வேறொரு விண்மீனைச் சுற்றுகிற, வியாழனை ஒத்த பருமன் கொண்ட, பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமுமாக இருக்கிற எந்தக் கோளும் ஜூப்பிட்டர்தான். ஹாட் என்பதோ கோளின் சொந்தச் சூட்டைச் சொல்லவில்லை. அது தன் விண்மீனை எவ்வளவு நெருங்கிச் சுற்றுகிறது என்பதைச் சொல்கிறது. ஏறக்குறைய 10 நாளுக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும் வளிமப் பெருங்கோள், அதாவது வாயுவாலான பெரிய கோள், என்பது பொதுவாக வழங்கும் வரையறை. நம் வியாழனுக்கு அதே ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 12 ஆண்டு ஆகிறது.

தகிக்கிற பெருங்கோள் எல்லாம் ஹாட் ஜூப்பிட்டர் ஆகிவிடாது. எச்ஆர் 8799 என்ற விண்மீனைச் சுற்றும் கோள்களின் நேரடிப் படங்கள் 2008-இல் வெளிவந்தன. பிறந்து சில கோடி ஆண்டுகளே ஆன கோள்கள் அவை. உருவானபோது ஏறிய சூடு இன்னும் ஆறாமல் பல நூறு டிகிரியில் கிடக்கின்றன. ஆனால் விண்மீனிலிருந்து வெகுதொலைவில் இருப்பதால் அவை இந்த வகையில் சேரவில்லை.

பெயர் வருவதற்கு முன்பே கருத்து வந்துவிட்டது. 1952-இல் ஆட்டோ ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். வியாழன் அளவுள்ள கோள் விண்மீனை ஒட்டிக்கொண்டு ஒரே நாளில் சுற்றிவரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, அப்படி ஒன்று இருந்தால் அது இழுக்கும் இழுப்பில் விண்மீன் தள்ளாடுவதை அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் பிடித்துவிடலாம் என்பது அவர் வாதம். அதே 1952-இல்தான் ஜேம்ஸ் பிளிஷ் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் தன் கதை ஒன்றில், வளிமப் பெருங்கோளைக் குறிக்கும் கேஸ் ஜயன்ட் என்ற தொடரைப் புழங்கினார். அது பிறகு அறிவியல் நூல்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஸ்ட்ரூவ சொன்னது பலிக்க 43 ஆண்டு பிடித்தது. 1995 அக்டோபர் 6 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் மிஷேல் மயோர், திதியே கெலோ என்ற இரு சுவிஸ் வானியலாளர்கள் 51 பெகாசி என்ற விண்மீனுக்கு ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள். தெற்கு பிரான்சின் ஓத் புரோவான்ஸ் வானாய்வகத்தில் எடுத்த நிறமாலைகளில், அந்த விண்மீன் நொடிக்கு ஐம்பது அறுபது மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுவது தெரிந்தது. ஓர் ஆட்டத்துக்கு 4.2 நாள். கணக்குப் போட்டால், வியாழனில் பாதியளவாவது நிறையுள்ள கோள் ஒன்று விண்மீனிலிருந்து வெறும் 80 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது. நம் புதன்கூட சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளியே நிற்கிறது. 2019-இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி இந்த இருவருக்கும் போனது.

இந்த 51 பெகாசி நமக்கு அந்நியமான இடத்தில் இல்லை. பூரட்டாதி என்று நாம் சொல்லும் இரு விண்மீன்களுக்கு நடுவே, கொஞ்சம் விலகி இருக்கிறது. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். பூரட்டாதிக்கு அதிபதி வியாழன் என்பார்கள் ஜோதிடர்கள். தற்செயல்தான், ஆனால் சுவையான தற்செயல்.

தொடக்கத்தில் இவ்வகைக் கோள்களைப் பெகாசிட் என்றும், வறுபடுபவை என்ற பொருளில் ரோஸ்டர் என்றும் சிலர் அழைத்தார்கள். நிலைத்தது ஹாட் ஜூப்பிட்டர்தான். இத்தனை அனலில், இத்தனை அருகில் பெருங்கோள் உருவாவது கடினம். தொலைவில், பனி உறையும் குளிரில் பிறந்து பின்னால் உள்ளே குடிபெயர்ந்திருக்க வேண்டும் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். வந்து சேர்ந்தபின் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டிக்கொண்டு சுற்றுகின்றன: ஒரு பக்கம் தீராத பகல், மறுபக்கம் விடியாத இரவு. எச்டி 209458 பி என்ற வெப்ப வியாழன், 1999-இல் தன் விண்மீனின் முகத்தைக் கடந்துபோனபோது பிடிபட்டது. அது வியாழனைவிட உப்பியது, அடர்த்தியோ தண்ணீரைவிடக் குறைவு. அதன் ஹைட்ரஜன் வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. கெல்ட்-9பி என்ற கோளின் பகல் பக்கம் 4,300 டிகிரி செல்சியஸ். பல விண்மீன்களின் மேற்பரப்பே அவ்வளவு சுடுவதில்லை. இவை எளிதில் கண்ணில் படுவதால் நிறைய இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் சூரியனை ஒத்த நூறு விண்மீன்களில் ஒன்றுக்கு இருந்தாலே அதிகம்.

இனி தமிழ்ச்சொல். ஜூப்பிட்டருக்கு வியாழன் என்பதில் தகராறு இல்லை. ஆண்டாள் 'வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று' என்று இந்தக் கோளைத்தான் பாடினாள். பரிபாடலில் அதுவே அந்தணன். பொன் என்றும் ஒரு பெயர் உண்டு. ஒரு கோளின் தனிப்பெயரை ஒரு வகைக்கே வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வள்ளலாக இருப்பவரைக் கலியுகக் கர்ணன் என்கிறோமே, அதே வழிதான் இது.

சிக்கல் ஹாட் என்பதில். சூடான வியாழன் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. 'சூடான' என்பது காபிக்கும் இட்லிக்கும் சொல்வது. சற்று நேரத்தில் ஆறிப்போகும் நிலை. நம் வியாழனே சூடாகிவிட்டது என்றும் படிக்க இடம் தரும். 'வெப்ப' என்று போட்டால் வெப்ப மண்டலம் என்பதுபோல் அது வகைப்பெயராகிறது. நேர்பொருள் பார்த்தால் அண்மை வியாழன் என்பதே இன்னும் பொருத்தம். ஆனால் ஆங்கிலப் பெயரோடு தொடர்பு அறுந்துபோகும், தேடுகிறவருக்குக் கிடைக்காது. எனவே வெப்ப வியாழன்.

இதிலிருந்து குடும்பமும் எளிதாக வளர்கிறது: 2,000 டிகிரியைத் தாண்டியவை கடுவெப்ப வியாழன்; சற்றுத் தள்ளி, பத்து நாளுக்கு மேல் எடுத்துச் சுற்றுபவை மிதவெப்ப வியாழன்; உருவில் சிறியவை வெப்ப நெப்டியூன். கேஸ் ஜயன்டை வாயு அரக்கன் என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். பெரியது என்ற பொருளுக்கு அரக்கன் எதற்கு? வளிமப் பெருங்கோள் போதும்.

தனிக்கோள்களின் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 51 பெகாசி பி-க்கு 2015-இல் டிமிடியம் என்று பெயர் வைத்தார்கள், லத்தீனில் பாதி என்று பொருள். எச்டி 86081 பி என்ற வெப்ப வியாழனுக்கு 2019-இல் இந்தியாவின் சார்பில் சந்தமசா என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் விண்மீனுக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாகப் பிபா என்று பெயர்.

எழுதும்போது ஒரே ஒரு கவனம்: தலைப்பில் 'வெப்ப வியாழன்' என்று மட்டும் போட்டால், இந்த வாரம் வியாழக்கிழமை வெயில் கொளுத்தும் என்று நினைத்துவிடுவார்கள். முதல் இடத்தில் வெப்ப வியாழன் வகைக் கோள் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து சுருக்கிக்கொள்ளலாம்.