கோட்டின் அகலம் சொல்லும் சுழற்சி

பெரும்பாலான விண்மீன்கள் எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் வெறும் புள்ளிதான். அந்தப் புள்ளி எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அதன் நிறமாலை காட்டிக்கொடுக்கும். சுழலும்போது ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது. மறுவிளிம்பு விலகிப் போகிறது. வரும் விளிம்பின் ஒளி நீலப் பக்கமும், போகும் விளிம்பின் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். அதனால், விண்மீனின் தனிமங்கள் ஒளியை விழுங்குவதால் நிறமாலையில் ஊசிபோல் விழவேண்டிய கருங்கோடு இருபுறமும் அகன்று, ஆழம் குறைகிறது. 448.1 நானோமீட்டரில் உள்ள மக்னீசியக் கோட்டை, விநாடிக்கு 100 கி.மீ. சுழற்சி ஒவ்வொரு புறமும் சுமார் 0.15 நானோமீட்டர் விரிக்கும்.

சரியான கோட்டைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை. ஹைட்ரஜன் கோடுகள் எடுப்பாகத் தெரிந்தாலும் உதவாது. வெப்ப விண்மீன்களில் பக்கத்துத் துகள்களின் மின்புலமே அவற்றைப் பெரிதும் அகலமாக்கிவிடும். மிக இளம் விண்மீன் கொத்துகளில் சுற்றியுள்ள வாயு முகிலின் ஒளி, ஹீலியம் கோட்டின் நடுவை நிரப்பி ஏமாற்றும். மக்னீசியக் கோடு நம்பகமானது. ஆனால் அதுவே இரட்டைக் கோடு. இடைவெளி விநாடிக்கு 13 கி.மீ. வேகத்துக்குச் சமம். மெதுவாகச் சுழல்பவற்றுக்கு அது ஒத்துவராது. சூரியனைப் போன்றவற்றுக்கு இரும்பின் கோடுகளே வசதி.

கருவியும் தன் பங்குக்குக் கோட்டை விரிக்கும். பிரிதிறன், அதாவது நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன், 20,000 என்றால் விநாடிக்கு 15 கி.மீ. அளவுக்கு. மிகக் குறுகிய கோடுகளைத் தரும் தோரியம்-ஆர்கான் விளக்கின் கோடுகளை அளந்து இந்த விரிவைக் கணக்கில் எடுக்கவேண்டும். அதிவேக விண்மீன்களில் வேறு தொல்லை: ஆழமற்ற கோட்டின் ஓரங்கள் பின்னணி ஒளியோடு (கோடுகளுக்கு இடைப்பட்ட விண்மீனின் தொடர் ஒளியோடு) கலந்துபோவதால், பின்னணி மட்டத்தைச் சற்றே தாழ்த்தி வரைந்தாலும் வேகம் குறைவாக வரும். நெருங்கிய இரட்டை விண்மீன்களின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, வேகச் சுழற்சிபோல் வேடம் போடுவதும் உண்டு. சில இரவுகள் விட்டு மீண்டும் எடுத்தால் கோடு நகர்வது குட்டை உடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது முழு வேகமல்ல, நம் பார்வைத் திசையில் அதன் பங்கு மட்டுமே. துருவத்தை நமக்குக் காட்டி நிற்கும் விண்மீனின் கோடு, சுழற்சியால் விரியாது. கொத்தில் அச்சுகள் தாறுமாறாகச் சாய்ந்திருப்பதாகக் கொண்டால், அளந்த சராசரி வேகத்தை 0.785-ஆல் வகுத்து உண்மைச் சராசரியைப் பெறலாம். தனி விண்மீனுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

கொத்தின் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே வயதினர் என்பதே பெரிய வசதி. சுமார் 12 கோடி ஆண்டு வயதான கார்த்திகைக் கொத்தையும், அதைவிட மூத்த ஹயடீஸ் கொத்தையும், சூரியனையும் ஒப்பிட்டு, சூரிய வகை விண்மீன்களின் வேகம் வயதின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று வானியலாளர் ஸ்குமானிச் 1972-இல் காட்டினார். காந்தப்புலத்தில் சிக்கிய விண்மீன் காற்று சுழற்சியை மெல்லப் பறித்துச் செல்கிறது. சூரிய நடுக்கோட்டில் இப்போது மிஞ்சியிருப்பது விநாடிக்கு 2 கி.மீ. மட்டுமே.

வெப்ப விண்மீன்களுக்கு இந்தத் தடை பெரும்பாலும் இல்லை. கார்த்திகைக் கொத்தின் ப்ளெயோனி என்னும் விண்மீன் விநாடிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. இவ்வளவு வேகத்தில் நடுக்கோடு பிதுங்கிக் குளிர்ந்து மங்கும். மிக வேகமான பகுதியின் ஒளியே குறைவதால், அளந்த எண் உண்மையைவிடக் குறைவாகவே வரும்.