ஒரே சேற்றில் எத்தனை பந்தி

ஜனவரி மாதத்துக் காலையில் கோடியக்கரைச் சதுப்பின் ஓரத்தில் நின்றால் முதலில் சேறே நகர்வதுபோல் இருக்கும். பைனாகுலரைக் கண்ணில் வைத்த பிறகுதான் அந்த நகர்வு கொசு உள்ளான் என்கிற பொடிப் பறவைகளாகப் பிரியும். நூறா இருநூறா என்று எண்ணத் தொடங்கினால் பாதியில் கணக்கு தப்பிவிடும், ஒன்றும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. சிட்டுக்குருவி அளவுகூட இல்லை, எடை 20 முதல் 30 கிராம். ஆர்க்டிக் வட்டத்தின் மரமற்ற வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இந்தச் சேற்றைத் தேடி வந்திருக்கிறது.

என்னுடன் வந்த பெரியவர் வேதாரண்யம் உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பைனாகுலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "தம்பி, இம்புட்டு குருவி ஒரே எடத்துல திங்குது, சண்டை போடுதான்னு பாருங்க" என்றார். பார்த்தேன். கொசு உள்ளானுக்குப் பத்தடி தள்ளி வளைமூக்கு உள்ளான், அதற்கு அப்பால் முழங்கால் நீரில் கருவால் மூக்கன், இன்னும் தள்ளி ஒற்றையாக ஒரு கோட்டான் (ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த மூக்குள்ள கடற்கரைப் பறவை), தூரத்தில் வெள்ளைக் கோடு போட்டதுபோல் பூநாரைகள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வங்காள விரிகுடா பாக் நீரிணையோடு சேரும் மூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைக்கோடியில் இருக்கிறது கோடியக்கரை. 1967-இல் சரணாலயம் ஆனது. 2002-இல் சுற்றியுள்ள வேதாரண்யம் சதுப்பையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்து, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் போட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பில் நீர் ஏறும். தை பிறந்ததும் வெயிலும் காற்றுமாக வற்றத் தொடங்கும். அந்த வற்றுதல்தான் பறவைகளுக்கு அழைப்பு மணி. ஓர் இடத்தில் கணுக்கால் நீர், ஓர் இடத்தில் வெறும் ஈரச்சேறு, இன்னோர் இடத்தில் முழங்கால் ஆழம். எல்லாச் சேற்றுக்குள்ளும் புழு, குட்டி நத்தை, பூச்சிகளின் இளம்புழு, பொடி இறால் வகைகள்.

சண்டை வராததற்கு முதல் காரணம் மூக்கின் நீளம். நூலில் அலகு என்று எழுதுவார்கள், ஆனால் நம் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: மூக்கன், வளைமூக்கு உள்ளான், கோணமூக்கு உள்ளான், கரண்டிவாயன். பெயர் வைத்தவர்கள் இறகின் நிறத்தைவிட மூக்கைத்தான் அதிகம் கவனித்திருக்கிறார்கள். சரியான இடத்தில்தான் கண் போயிருக்கிறது. கொசு உள்ளானின் மூக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. வளைமூக்கு உள்ளானுக்கு நாலு சென்டிமீட்டரை ஒட்டி. கருவால் மூக்கனுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. கோட்டானில் பெட்டைக்கு 15 சென்டிமீட்டர் தாண்டும், சேவலுக்குக் குறைவு. அதனால் கோட்டான் ஜோடிகூட ஒரே ஆழத்தில் துழாவுவதில்லை.

மேல் ஓரிரு சென்டிமீட்டரில் இருப்பது சின்னவனுக்கு. அதற்குக் கீழே ஒளிந்துகொண்ட புழு கொசு உள்ளானிடமிருந்து தப்பியது, மூக்கனிடமிருந்து தப்பவில்லை. மூக்கனுக்கும் எட்டாத வளைக்குள் இருக்கும் நண்டு கோட்டானுக்கு. நண்டு வளை நேராகப் போகாது, திரும்பித் திரும்பிப் போகும். கோட்டானின் வளைந்த மூக்கு அந்தத் திருப்பத்தோடு போகிறது. உள்ளே விட்டுத் தலையைத் திருப்பினால் நுனி வளைக்குள் ஒரு வட்டமே தேடிவிடும். நண்டை இழுத்துப்போட்டதும் அப்படியே விழுங்குவதில்லை. காலைக் கவ்வி உதறி உதறி, ஒவ்வொரு காலாகப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் உடம்பை விழுங்குகிறது. நம் வீட்டில் நண்டு ஆய்கிற மாதிரிதான்.

நீளம் மட்டும் போதுமா? சேற்றுக்குள் எட்டு சென்டிமீட்டர் கீழே கும்மிருட்டு. மூக்கன் தலையைக் கண் வரைக்கும் நீருக்குள் முக்கிவிட்டுத் துழாவுகிறது. எங்கே புழு இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? எனக்குக் கடற்கரைப் பறவைகளிலேயே மிகப் பிடித்த சங்கதி இதுதான்.

உள்ளானின் மண்டை ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூக்கு எலும்பின் நுனி தேன்கூடுபோல் பொத்தல் பொத்தலாக இருக்கும். ஒவ்வொரு பொத்தலுக்குள்ளும் அழுத்தத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருக்கும். ஹெர்ப்ஸ்ட் உறுப்புகள் என்று பெயர். நம் விரல் நுனியில் அதிர்வை உணர்கிற நரம்பு முனைகளுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கொம்புபோல் கெட்டியாகத் தெரிகிற அந்த மூக்கு, உண்மையில் நம் விரல் நுனிபோல் நுட்பமானது.

புழு தொட்டால் தெரியும், சரி. தொடாமலே தெரியுமா? நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத்தான் கேட்டது. நாட் என்கிற உள்ளான் வகையைப் பழக்கினார்கள். ஒரு வாளி ஈர மணலில் ஏதாவது புதைந்திருக்கும், இன்னொன்றில் வெறும் மணல். எதில் பொருள் இருக்கிறது என்று பறவை சொல்ல வேண்டும். சிப்பி புதைத்திருந்தால் சரியாகச் சொன்னது. வாசனையாக இருக்கலாம், சிப்பியின் அசைவாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, சிப்பிக்குப் பதிலாகக் கல்லைப் புதைத்தார்கள். கல்லுக்கு வாசனையும் இல்லை, அசைவும் இல்லை. அதையும் கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் மணலைக் காயவைத்தார்கள். அவ்வளவுதான், பறவைக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்படியென்றால் சங்கதி மணலில் இல்லை, மணல் இடுக்குகளில் இருக்கிற நீரில். பறவை மூக்கை வெடுக்கு வெடுக்கென்று குத்தும்போது அந்த நீர் அழுத்தப்பட்டுச் சுற்றிலும் வழிந்து ஓடப் பார்க்கிறது. பக்கத்தில் கெட்டியாக ஒன்று இருந்தால் நீருக்கு வழி அடைபடும், அந்தப் பக்கம் மட்டும் அழுத்தம் கூடும். மூக்கு நுனியின் பொத்தல்களில் எந்தப் பக்கம் கனக்கிறதோ அந்தப் பக்கம் சிப்பி. அந்த வேறுபாடு மிக மிகச் சிறியது, திரும்பத் திரும்பக் குத்துவதால்தான் அது உணரும் அளவுக்குச் சேர்கிறது. கடற்கரையில் இந்தப் பறவைகள் தையல் மெஷின் ஊசிபோல் ஓயாமல் குத்திக்கொண்டே போவதைப் பார்த்து, பசி அவசரம் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

கண்டுபிடித்தாயிற்று, எடுக்க வேண்டுமே. சேற்றுக்குள் முழு மூக்கையும் திறக்க முடியாது, நாலு பக்கமும் சேறு அழுத்தும். இதற்கும் ஒரு வழி இருக்கிறது. மூக்கனும் உள்ளான்களும் மேல் மூக்கின் நுனியை மட்டும் தனியாக மேலே வளைக்கும். மூக்கின் அடிப்பாகம் மூடியபடியே இருக்க, நுனி மட்டும் சாமணம்போல் திறந்து புழுவைக் கவ்வும். மூக்கன் வெளியே நின்று கொட்டாவி விடுவதுபோல் மூக்கைத் திறக்கும்போது நுனி மேல்நோக்கி வளைவதை நல்ல பைனாகுலரில் பார்த்துவிடலாம்.

இந்தக் கூட்டத்தில் சேராத ஆள் உப்புக்கொத்தி. அதன் மூக்கு கட்டை, நுனியில் அவ்வளவு நுட்பமும் கிடையாது. பதிலுக்குப் பெரிய கண். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், உற்றுப் பார்க்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். சேற்றின் மேல்தோலில் புழு வாலை நீட்டுகிற சின்ன அசைவுக்காகக் காத்திருக்கிறது. பக்கத்தில் இன்னொருவன் நடமாடினால் புழு வாலை இழுத்துக்கொள்ளும், அதனால் இவை விலகி விலகித்தான் மேய்கின்றன. தொட்டுத் தின்கிறவை கூட்டமாகப் போகும், பார்த்துத் தின்கிறவை தள்ளி நிற்கும். பெரியவர் சண்டையே இல்லை என்று சொன்னாலும், அன்று நான் பார்த்த ஒரே துரத்தல் இரண்டு உப்புக்கொத்திகளுக்குள்தான்.

உப்பளப் பக்கம் போனால் கதை மாறுகிறது. பாத்தி பாத்தியாகக் கடல்நீரை மாற்றி மாற்றி வற்றவிடுகிறார்கள், ஒவ்வொரு பாத்திக்கும் உப்பு ஏறிக்கொண்டே போகும். புழு வகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, மீனும் இல்லாமல் போகிற அளவு உப்பில் ஆர்ட்டீமியா என்கிற பொடி உப்பு இறால் மட்டும் மொய்க்கும். அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் யாருக்கும் வயிறு நிறையாது. பூநாரை அதனால்தான் வடிகட்டுகிறது. தலையைக் கவிழ்த்து, மேல் மூக்கு அடியில் வருகிற மாதிரி நீரில் விடும். தடித்த நாக்கு பம்புபோல் முன்னும் பின்னும் போய் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, மூக்கோரத்துச் சீப்புப் பற்களில் இறால் தங்கிவிடும்.

சல்லடை என்பதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். 2025-இல் அமெரிக்காவில் நாஷ்வில் விலங்குக் காட்சிசாலையின் சிலி நாட்டுப் பூநாரைகளை வைத்து நடந்த ஆராய்ச்சி இன்னொன்றையும் காட்டியது. தலையை நீருக்குள்ளிருந்து விநாடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் மேலே இழுக்கும்போது குட்டிச் சூறாவளிபோல் ஒரு சுழல் எழும்பி அடிச்சேற்றையும் இரையையும் தூக்குகிறது. தட்டையான மூக்கு நுனியை விநாடிக்குச் சுமார் 12 முறை படபடவென்று அடித்து, அந்தச் சுழலை வாய்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறது. தள்ளாடித் தள்ளாடி மிதிக்கிற அந்தச் சவ்வுக் காலும் சேற்றைக் கிளப்புகிற வேலையில்தான் இருக்கிறது. ஆர்ட்டீமியாவிலும் பாசியிலும் இருக்கிற நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

அதிர்ஷ்டம் இருந்தால் அதே உப்பளப் பாத்திகளில் ஃபேலரோப் என்கிற உள்ளான் வகையைப் பார்க்கலாம். வாத்துபோல் நீந்திக்கொண்டே ஓரிடத்தில் பம்பரமாகச் சுற்றும். முதன்முதலில் பார்ப்பவர்கள் பறவைக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்பார்கள். சுற்றும்போது மேல்நீர் வெளியே தள்ளப்பட, ஆழத்து நீர் இரையோடு அந்த இடத்துக்கு ஏறி வருகிறது. அதற்குமேல் செய்வது இன்னும் வேடிக்கை. இரையை மூக்கு நுனியில் ஒரு நீர்த்துளியோடு எடுக்கும். உறிஞ்ச முடியாது, தலை கீழ்நோக்கி இருக்கிறது, துளி மேலே ஏற வேண்டும். மூக்கைக் கொஞ்சம் திறந்து மூடித் திறந்து மூட, பரப்பு இழுவிசையால் துளி படிப்படியாக வாய்க்கு ஏறிவிடுகிறது. திறக்கும்போது துளியின் வாய்ப்பக்க விளிம்பு ஒட்டிக்கொண்டு நிற்கும், நுனிப்பக்க விளிம்பு நகரும். மூடும்போது நுனிப்பக்கம் நிற்கும், வாய்ப்பக்கம் நகரும். ஆக, துளிக்கு ஒரே திசைதான். 2008-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ஒரு எச்சரிக்கையும் சொன்னார்கள்: நீரில் எண்ணெயோ சோப்போ கலந்தால் துளி மூக்கில் ஒட்டுகிற விதமே மாறிவிடும், எதிரில் இரை குவிந்திருந்தாலும் வாய்க்கு ஏறாது.

இவ்வளவு உப்பைத் தின்றால் தாகம் எடுக்காதா என்று கேட்க வேண்டிய கேள்வி மிச்சம் இருக்கிறது. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், பாத்தியில் அதைவிடக் கூடுதல். நாம் கடல்நீரைக் குடித்தால் அதன் உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகமான நீரைச் சிறுநீரில் இழப்போம். பறவையின் சிறுநீரகம் இந்த விஷயத்தில் நம்முடையதைவிட மோசம். அதற்காகத் தனி உறுப்பு வைத்திருக்கிறது. கண்ணுக்கு மேலே, மண்டை எலும்பின் பள்ளத்தில் பிறைபோல் ஒரு சுரப்பி. ரத்தத்திலிருந்து உப்பை வாங்கி, சுமார் 5 சதவீத உப்புநீராக்கி மூக்குத்துளை வழியாக வெளியே விடும். சுரப்பிக் குழாயில் உப்புநீர் ஒரு திசையில் போக, பக்கத்து ரத்தம் எதிர்த்திசையில் ஓடும். அந்த எதிரெதிர் ஓட்டமும் அவ்வளவு செறிவுக்குக் கைகொடுக்கிறது. 1950களின் பிற்பகுதியில் க்னுட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியலாளர் கடல்பறவைகளில் இதைக் கண்டறிந்தார். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு கடல்நீரைக் கொடுத்தும் ஒரு கடற்காகம் மூன்று மணி நேரத்தில் பெரும்பாலான உப்பை வெளியேற்றிவிட்டது. உப்பில் மேயத் தொடங்கினால் சில நாட்களிலேயே சுரப்பி பெரிதாகிறது, நல்ல நீருக்குப் போனால் சுருங்குகிறது என்பதை வாத்துகளில் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

பாத்தி வரப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பதினைந்தடி தள்ளி ஒரு பவளக்காலி தலையைச் சட்டென்று உதறியது. மூக்கு நுனியிலிருந்து துளி ஒன்று தெறித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒரு உதறல்.

"அதான் உப்புத்தண்ணியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"முப்பது வருஷமா பாக்குறேன் தம்பி. பனியில நின்னு நின்னு இதுங்களுக்குச் சளி புடிச்சிருச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."