நிவாரணம்: துடைத்தலும் களைதலும்

திருகோணமலையில் ‘நிவாரணம்’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. சின்னப் பிள்ளைக்கும் அதன் பொருள் தெரியும். நிவாரணம் லொறியில் வரும். வரிசையில் நின்றால் கிடைக்கும். பிந்திப் போனால் முடிந்துவிடும். அரிசி, மா, பருப்பு, சீனி, ஒரு பாய், ஒரு தறப்பாள். “உங்களுக்கு நிவாரணம் கிடைத்ததா?” என்று ஒருவர் கேட்டால், பொதி கைக்கு வந்ததா என்றுதான் அர்த்தம்.

இந்தச் சொல் எங்கள் வாயில் இவ்வளவு புழங்கியதற்குக் காரணம் உண்டு. 2000 டிசம்பர் 26இல் புயல் அடித்தது. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 2004இல் அதே டிசம்பர் 26இல், கடல் ஏறி வந்தது. 2006இல் மூதூர் கிழக்கில் ஷெல்லும் விமானக் குண்டும் விழுந்தன. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியது. ஒவ்வொரு முறையும் கூரை போனது. ஒவ்வொரு முறையும் நிவாரணம் வந்தது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால், அதற்கும் பொதிக்கும் எந்த உறவும் இல்லை. இது வடசொல். ‘வ்ரு’ என்னும் வேருக்கு மூடுதல், தடுத்தல் என்று பொருள். அதே வேரிலிருந்துதான் ஆவரணம் வந்தது; அம்மன் கோயில்களில் கேட்கும் நவாவரண பூசையின் ஆவரணமும் அதுதான். முன்னால் ‘நி’ சேர்ந்து நிவாரணம் ஆனபோது, வருவதைத் தடுத்து நிறுத்துதல், வந்ததை அகற்றுதல் என்ற பொருள் பிறந்தது. நேர்ப்பொருளில் பார்த்தால் மழைக்கு நிவாரணம் கூரை. வெயிலுக்கு நிவாரணம் மர நிழல்.

மருந்துக் கடையில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வலி நிவாரணி என்றால் வலியை அகற்றுவது. சர்வரோக நிவாரணி என்று போத்தலில் எழுதி விற்றவர்கள் எல்லா நோயும் போய்விடும் என்றுதான் சொன்னார்கள். வந்தவருக்கு ஒரு பை தருவோம் என்று சொல்லவில்லை. சிங்களத்தில் நோய்த்தடுப்பை ‘ரோக நிவாரண’ என்கிறார்கள். வெள்ளத்துக்குப் பின் வரும் அரிசிக்கும் பருப்புக்கும் அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது: சஹன. ஒரே வடசொல்லை இரண்டு மொழிகளும் எடுத்துக்கொண்டன. அவர்கள் தடுத்தல் என்ற பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நாம் பொதியின் பக்கம் போய்விட்டோம்.

எப்படிப் போனோம்? அலுவலக மொழி வழியாகத்தான் என்று நினைக்கிறேன். இங்கே தேசிய அனர்த்த நிவாரண சேவைகள் நிலையம். கடலுக்கு அப்பால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதி. இப்படி வேறொரு பெயரின் தலையில் ஏறி அமர்ந்தே அச்சொல் ஊருக்குள் வந்தது. ‘நிவாரணப் பொருள்’ என்பதைச் சுருக்கி ‘நிவாரணம்’ என்றோம். சொல்லிலிருந்து பொருள் உதிர்ந்தது. கையில் பொருள் மட்டும் மிஞ்சியது. கூட வரும் ‘அனர்த்தம்’ என்ற சொல்லும் எனக்கு உறுத்தலானதே. அன் + அர்த்தம், அர்த்தமற்றது. வீட்டை இழந்தவளிடம் போய் உனக்கு வந்தது அனர்த்தம் என்பதைவிட, இடர் என்று சொல்வது எவ்வளவோ மேல். இடர் பழைய தமிழ்ச் சொல், எல்லோருக்கும் விளங்குவது.

இனித் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வி. துயர் தணிப்பு, இடர் நீக்கம், துயர் துடைப்பு என்று பலரும் எழுதுகிறார்கள். எல்லாம் நல்ல சொற்கள். ஆனால் தணித்தல் வேறு, நீக்குதல் வேறு, துடைத்தல் வேறு. இந்த வேறுபாட்டை நான் நூலில் படிக்கும் முன்பே ஒரு பாடசாலை மண்டபத்தில் கண்டேன்.

2005 தை மாதம். கடலோர வீடுகளை இழந்தவர்கள் அந்த மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். பெயர்ப் பட்டியல் எழுதும் வேலை எனக்கு. குடும்ப எண், அங்கத்தவர் தொகை, பெற்ற பொருள், கையொப்பம் என்று கட்டங்கள். தலைப்பில் ‘பயனாளிகள்’ என்று இருந்தது. கருவாடு காயவைத்து விற்றுக் குடும்பம் நடத்திய ஓர் அக்கா என் மேசைக்கு வந்தார். “எத்தனை பேர்?” என்று கேட்டேன். “நாங்கள் ஐந்து பேர், தம்பி” என்றவர், சற்று நின்று, “நான்கு என்று எழுதுங்கள்” என்றார். நான் தலை நிமிராமல் நான்கு என்று எழுதினேன்.

பொதியை வாங்க அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். கனமான பொதி. அதைத் தூக்கிய வேகத்தில் சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியது. இரண்டு கைகளிலும் பாரம். உதவி கொண்டுவந்தவர்களில் ஒருவர் எதிரே கமராவைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் பக்கம் பாருங்கள்” என்றார். வரிசையில் பின்னால் நின்ற பெண், தன் பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே, ஒரு கையை நீட்டித் தலைப்பை எடுத்துத் தோளில் போட்டுவிட்டார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கை தானாகப் போனது.

திருக்குறளில் இந்த இரண்டு செயல்களுக்கும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘விழுமந் துடைத்தவர் நட்பு’ என்பது 107ஆம் குறள். துன்பத்தைத் துடைத்தவரை ஏழு பிறப்பிலும் நினைப்பார்கள் என்கிறது. அது வரும் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். அங்கே கொடுத்தவர் ஒருவர், நினைத்திருப்பவர் வேறொருவர். நன்றி என்ற கடன் நடுவில் நிற்கிறது. 788ஆம் குறள் நட்பு அதிகாரத்தில் வருகிறது: ‘உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு’. ஆடை நழுவும்போது விரைந்து போகும் கை அவனுடைய கைதான். அங்கே கொடுப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. இடுக்கணுக்கு உவமை தேடிய வள்ளுவர் பசியைச் சொல்லவில்லை, காயத்தைச் சொல்லவில்லை. ஆடை நழுவிய நொடியைச் சொன்னார். முதலில் காக்க வேண்டியது மானம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் அங்கே இட்ட வினைச்சொல் ‘களைதல்’. தம்பலகாமத்து வயற்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. களை எடுக்கக் குனிந்தால் வேரோடு வர வேண்டும். கோரையை மேலே அறுத்துவிட்டால் வயல் அன்று மாலை அழகாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, ஒரு கிழமையில் மறுபடி எழுந்து நிற்கும். துடைப்பது முகத்தில் உள்ள கண்ணீரை. களைவது மண்ணில் உள்ள வேரை. நிவாரணம் என்ற வடசொல்லின் மூலப்பொருளுக்குத் தமிழில் மிக நெருங்கி நிற்பது இந்தக் களைதல்தான். அதனால் ‘இடர்களைவு’ என்ற சொல்லையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

துயர் துடைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. முதல் பத்து நாளுக்குச் சோறும் தண்ணீரும் பாயும் வேண்டும். அதைத் துயர் துடைப்பு என்று சொல்வது நேர்மையான பெயர். பொதியை உதவிப்பொருள் என்போம், உலர் உணவு என்போம். அதற்கு இடர்களைவு என்று பெயர் வைக்கக் கூடாது.

வீடிழந்த குடும்பத்தின் வேர் எங்கே அறுகிறது என்று பார்த்தால், அரிசியில் அல்ல. காணி உறுதி கடலோடு போய்விட்டது. பிறப்புச் சான்றிதழ் போய்விட்டது. சுனாமிக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. அதனால் நிலம் இருந்தவர்களுக்கும் அடுப்பு வைக்க இடமில்லாமல் போனது. வலை இல்லை, வள்ளம் இல்லை, கடன் கொடுக்க ஆள் இல்லை. இவற்றில் ஒன்றையும் பொதி தொடாது. தொட்டவர்கள் அயலவர்கள். “இந்த வளவு இவர்களுடையதுதான், கிழக்கு எல்லையில் பூவரசு நின்றது” என்று கிராம உத்தியோகத்தரிடம் வந்து சாட்சி சொன்ன கிழவர்கள் உண்டு. தன் வளவின் மூலையைக் கொட்டில் போடக் கொடுத்தவர்கள் உண்டு. ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கும் பழக்கம் நம்மிடம் பழையது, பிடியரிசி என்போம். அந்தப் பானையிலிருந்து போன அரிசிக்குப் பட்டியல் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது சிறிதாகத் தெரியும். சீட்டு. எல்லாம் இழந்து வந்த ஒரு பெண்ணைத் தெருப் பெண்கள் தங்கள் சீட்டில் சேர்த்துக்கொண்டால், அவள் மாதாமாதம் காசு கட்டுவாள் என்று அவர்கள் நம்புகிறார்கள் என்று பொருள். இரக்கப்பட்டு யாரையும் சீட்டில் சேர்ப்பதில்லை. அவள் வாங்குபவளாக இருந்த வரிசையிலிருந்து விலகி, கொடுப்பதற்கும் உரியவளாக அந்த நாளில்தான் மாறுகிறாள்.

மூதூர் கிழக்கின் சம்பூர் மக்களின் கதையில் துடைப்பு, களைவு என்ற இந்த இரண்டு சொற்களின் இடைவெளியை ஆண்டுக் கணக்கில் அளக்கலாம். 2006இல் ஊரை விட்டு ஓடியவர்கள், அலைந்து திரும்பிய பின், கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் தங்கவைக்கப்பட்டார்கள். அந்த இடங்களுக்கு ‘நலன்புரி நிலையம்’ என்று பெயர். சொந்த ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்படும் வரை, தறப்பாளும் தகரமும் மாறின, குழந்தைகள் அங்கேயே பிறந்து பள்ளிக்கும் போனார்கள். ஒன்பது ஆண்டுத் துடைப்பு. திரும்பிப் போனவர்கள் முதலில் செய்தது, பற்றையை வெட்டித் தங்கள் வளவின் எல்லையைத் தேடியது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி ஐ.நா. 1998இல் வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள், மக்கள் தம் விருப்பத்தோடும் பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் திரும்ப வேண்டும் என்கின்றன. கண்ணியம் என்ற அந்தச் சொல் சட்டத்துக்கு வருமுன்பே நழுவிய தலைப்பைத் தூக்கிவிடும் கையில் இருந்தது.

கருவாட்டு அக்காவைப் பிறகும் பார்த்தேன். உறவினர் ஒருவர் கொடுத்த காணித் துண்டில், மண் சுவர் வைத்து, கூரைக்குக் கிடுகு கட்ட ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். கிடுகும் கயிறும் ஆளுக்கொரு பக்கம் இருந்து வந்தவை. மண்டபத்தில் தலைப்பை எடுத்துப் போட்ட பெண்ணும் பிள்ளையோடு வந்து மண் குழைத்துக்கொண்டிருந்தார். மூன்று கல் வைத்த அடுப்பு புகைந்தது. அக்கா கையில் நெளிந்த ஒரு சுண்டு, அரிசி அளக்கும் தகரப் பேணி. பழைய வீட்டிலிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். ஏணியடிக்கு வந்து மேலே நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, சாப்பாட்டுக்கு எத்தனை பேர்?”

எண்ணிச் சொன்னேன். அவர் திரும்பிப் போய் அளக்கத் தொடங்கினார்.