அரசு ஒப்பந்தத்தில் மதிப்பு வரம்பு: தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அரசு அலுவலகம் மேசை நாற்காலி வாங்கினாலும் சரி, பாலம் கட்டினாலும் சரி, எந்த முறையில் வாங்குவது என்பதைப் பெரும்பாலும் அதன் மதிப்பீட்டுத் தொகைதான் முடிவு செய்கிறது. தொகை சிறியது என்றால் நேரடியாகவோ, இரண்டு மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்டோ வாங்கிவிடலாம். குறிப்பிட்ட தொகையைத் தொட்டுவிட்டால் அறிவிப்பு வெளியிட்டு, தகுதியுள்ள எவரும் போட்டியிடும்படி டெண்டர் விட வேண்டும். இந்தத் தொகைதான் மதிப்பு வரம்பு.

எல்லாவற்றுக்கும் டெண்டர் விட்டால் என்ன என்று கேட்கலாம். ஆவணம் தயாரிக்க, அறிவிப்பு கொடுக்க, வந்த விலைப்புள்ளிகளைப் பரிசீலிக்க ஆளும் நாளும் தேவை. சின்னக் கொள்முதலில் அந்தச் செலவு பொருளின் விலையையே தாண்டிவிடும். போட்டியிடும் சிறு நிறுவனங்களுக்கும் அதே சுமைதான். அதனால் பல நாடுகளில் தொகை கூடக் கூட விதிகளும் இறுகும்.

இந்த வரம்புகளில் சில ஒரு நாடு தானாக வைத்துக்கொள்பவை, சில பன்னாட்டு உடன்பாட்டிலிருந்து வருபவை. உலக வர்த்தக அமைப்பின் கீழ் அரசுக் கொள்முதல் உடன்பாடு ஒன்று இருக்கிறது. கையெழுத்திட்ட நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும். மத்திய அரசு அமைப்புகள் பொருள் வாங்கும்போது 1,30,000 எஸ்.டி.ஆர், கட்டுமானப் பணிக்கு 50 லட்சம் எஸ்.டி.ஆர் என்பதுதான் அதில் பரவலாக உள்ள அளவு. எஸ்.டி.ஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. உடன்பாட்டின் அளவு மாறாமல் நின்றாலும், அதை உள்நாட்டு நாணயத்துக்கு மாற்றும்போது தொகை ஏறி இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திருத்துகிறது. மத்திய அரசு அமைப்புகள் பொருளும் சேவையும் வாங்குவதற்கான வரம்பு 2024, 2025 ஆண்டுகளில் 1,43,000 யூரோ. 2026 தொடக்கம் முதல் 1,40,000 யூரோ. நாணய மதிப்பு மாறியதே இதற்குக் காரணம், கொள்கை எதுவும் மாறவில்லை. அதனால் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது.

அதே ஒன்றியத்தில் உள்ளாட்சி போன்ற அமைப்புகளுக்கு வரம்பு 2,16,000 யூரோ, கட்டுமானப் பணிகளுக்கு 54,04,000 யூரோ. ஆக, வாங்குவது யார், வாங்கப்படுவது என்ன என்ற இரண்டும் தெரியாமல் வரம்பைச் சொல்ல முடியாது.

வரம்பு எவ்வளவு என்பதை யார் வேண்டுமானாலும் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் மதிப்பை எப்படிக் கூட்டினார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பொதுப்பணம் போட்டியில்லாமல் கைமாற வழி திறந்தால், அது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திறக்கும்.

ஓர் உள்ளாட்சி அமைப்பு துப்புரவுச் சேவைக்கு ஆள் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000 யூரோ, மூன்று ஆண்டு ஒப்பந்தம். பெருக்கினால் 1,80,000, அதாவது வரம்புக்குள். ஆனால் ஒப்பந்தத்தில், ‘தேவைப்பட்டால் ஓராண்டு வீதம் இருமுறை நீட்டிக்கலாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. நீட்டிப்பு நடக்குமா நடக்காதா என்பது முக்கியமில்லை. நடக்கலாம் என்று எழுதியிருந்தாலே அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுக்கு 3,00,000 யூரோ. வரம்பு தாண்டிவிட்டது.

முடிவுத் தேதியே இல்லாத ஒப்பந்தம் என்றால்? மொத்த விலை குறிப்பிடாமல் மாத வாடகைக்கு நகல் இயந்திரங்கள் எடுக்கிறார்கள் என்றால், ஐரோப்பிய விதிப்படி மாதத் தொகையை 48-ஆல் பெருக்க வேண்டும். மாதம் 4,000 யூரோ என்றால் 1,92,000. இதே வாடகை ஒப்பந்தத்தை உள்ளாட்சி போட்டால் வரம்புக்குக் கீழே, மத்திய அமைச்சகம் போட்டால் மேலே.

வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மதிப்புக் கூட்டு வரியை நீக்கிவிட்டுக் கணக்கிடுகிறார்கள். பிரிட்டனில், 2025 பிப்ரவரி 24 முதல் நடைமுறையில் உள்ள புதிய கொள்முதல் சட்டத்தின்படி, வரியையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

அடுத்தது பிரிப்பது. வரம்பைத் தவிர்ப்பதற்காக ஒரே தேவையைத் துண்டு துண்டாக்கி வாங்குவதை உலக வர்த்தக அமைப்பின் உடன்பாடும் ஐரோப்பிய விதிகளும் தடுக்கின்றன. அதே சமயம், சிறு நிறுவனங்களும் பங்கேற்கட்டும் என்று ஒரு பெரிய வேலையைப் பல தொகுதிகளாகப் பிரிப்பது தவறல்ல. அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் எல்லாத் தொகுதிகளையும் கூட்டி வரும் தொகையைத்தான் வரம்போடு ஒப்பிட வேண்டும். 1,50,000, 70,000, 50,000, 30,000 என நான்கு தொகுதிகளாக அறைகலன் வாங்கினால் மதிப்பு 3,00,000 யூரோ. கடைசித் தொகுதி 30,000 தானே என்று தனியாக எடுத்துப் பேச முடியாது.

இதில் ஒரு சின்னச் சலுகை உண்டு. பொருள், சேவையில் 80,000 யூரோவுக்குக் குறைவான தொகுதிகளை முழு நடைமுறை இல்லாமல் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பவை மொத்தமாகச் சேர்ந்து 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் 20 சதவீதம் என்பது 60,000. ஆகவே 50,000 தொகுதியையோ 30,000 தொகுதியையோ விடுவிக்கலாம், இரண்டையும் சேர்த்து விடுவிக்க முடியாது. 70,000 தொகுதி தனியாகவே 60,000-ஐத் தாண்டுவதால் அதற்கும் சலுகை கிடைக்காது.

மதிப்பீட்டைக் கொள்முதல் தொடங்கும்போதே போட்டு, எப்படிப் போட்டோம் என்பதையும் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். முந்தைய ஒப்பந்த விலை, சந்தை விசாரணை, அளவு, காலம் எல்லாம் அதில் இருந்தால்தான் பின்னால் தணிக்கை கேட்கும்போது பதில் சொல்ல முடியும். ‘சுமாராக இவ்வளவு’ என்று ஒரே வரியில் முடிந்திருந்தால், அதுவும் தொகை வரம்புக்குச் சற்றே கீழே நின்றிருந்தால், அந்தக் கோப்பை இன்னொருமுறை புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. நடுவில் வேலையைக் கூட்டினால் அது புதிய டெண்டராக வேண்டியதா என்ற கேள்வி வரும். ஐரோப்பிய விதியில் சிறு மாற்றங்களுக்கு இடம் உண்டு. பொருள், சேவை என்றால் முதல் மதிப்பில் 10 சதவீதத்துக்குள்ளும், கட்டுமானம் என்றால் 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அந்தத் தொகை வரம்புக்கும் கீழே இருக்க வேண்டும், ஒப்பந்தத்தின் தன்மையும் மாறக் கூடாது. அடுத்தடுத்துப் பல மாற்றங்கள் வந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

வரம்புக்குக் கீழே இருந்தால் இஷ்டப்படி செய்யலாம் என்று அர்த்தமில்லை. அங்கே அந்தந்த நாட்டின் உள்நாட்டு விதிகள் பொருந்தும். ஐரோப்பாவில், வேறு நாட்டு நிறுவனங்களுக்கும் ஆர்வம் இருக்கக்கூடிய ஒப்பந்தம் என்றால், எல்லோரையும் சமமாக நடத்துவதும் வெளிப்படைத்தன்மையும் வரம்புக்குக் கீழேயும் தேவை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, அறிவிப்பே வராமல் ஒரு பெரிய ஒப்பந்தம் யாருக்கோ போய்விட்டது என்று தெரிந்தால், போட்டியிட்டிருக்கக்கூடிய நிறுவனம் என்ன செய்யலாம்? வரம்பைத் தாண்டிய ஐரோப்பிய ஒப்பந்தங்களின் அறிவிப்புகள் ‘டெண்டர்ஸ் எலக்ட்ரானிக் டெய்லி’ என்ற இணையதளத்தில் வரும். முதலில் அங்கே தேடிப் பார்க்க வேண்டும். இல்லை என்றால், காலம், நீட்டிப்பு, தொகுதிகள் என எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். வெளியிட வேண்டிய அறிவிப்பை வெளியிடாமல் போட்ட ஒப்பந்தத்தைச் செல்லாது என அறிவிக்கும்படி மறுஆய்வு அமைப்பிடம் கோரலாம். இதற்குக் கால வரம்பு உண்டு. உறுப்பு நாடுகள் ஒப்பந்தம் முடிவானதிலிருந்து குறைந்தது ஆறு மாதம் தர வேண்டும். ஆனால் ஒப்பந்தம் வழங்கப்பட்ட விவரத்தையும், முன்னறிவிப்பு இல்லாததற்கான காரணத்தையும் பின்னர் வெளியிட்டிருந்தால், அது 30 நாளாகவும் சுருங்கலாம். அதனால் சந்தேகம் வந்த அன்றே கடிதத்தை அனுப்பிவிடுவது நல்லது.