அக்ரெஷன்: சீறிப்பாய்வா, வன்செயலா?

முல்லைத்தீவில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “சேர், மகன் நாள் முழுக்கப் போனில் துவக்குச் சூட்டு கேம் விளையாடுகிறான். வன்முறைக்குப் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.” 2009இல் ஷெல்லடிக்குள் கைக்குழந்தையோடு நடந்து வந்தவர் அவர். போனுக்குள் கேட்கும் வெடிச்சத்தம் எனக்கு வெறும் இரைச்சல், அவருக்கு அப்படியல்ல. பதில் சொல்வதற்கு முன், அவர் சொன்ன ‘வன்முறை’ என்ற சொல்லைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை அவரிடம் கொடுத்தவர்கள் எங்களைப் போல எழுதுகிறவர்கள்தான்.

கேம்களுக்கும் பிள்ளைகளின் நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய வெளிநாட்டு ஆய்வுகளில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் தனித்தனியே நடமாடுகின்றன. ஒன்று அக்ரெஷன், மற்றது வயலன்ஸ். தமிழில் செய்தி எழுதும்போது இரண்டுக்கும் ‘வன்முறை’ என்றே போட்டுவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அக்ரெஷன் இலத்தீனிலிருந்து வந்தது. ‘அட்’ என்றால் நோக்கி. ‘கிராடி’ என்றால் அடியெடுத்து வைத்தல். ஒருவரை நோக்கி அடியெடுத்து வைப்பதே வேர்ப்பொருள். எதிர்த்துச் செல்லுதல், தாக்க வருதல் என்ற பொருள்கள் பிறகு வந்து சேர்ந்தன. தமிழுக்கும் இந்தக் கருத்து புதிதல்ல. படையெடுப்பைப் பாடும் வஞ்சித் திணையைச் சொல்லும் தொல்காப்பியம், “எஞ்சா மண்ணசை வேந்தனை வேந்தன் அஞ்சுதகத் தலைச்சென்று அடல்குறித் தன்றே” என்கிறது. மண்ணாசை கொண்ட வேந்தன்மேல் இன்னொரு வேந்தன் படையோடு செல்வதைக் குறிக்கும் ‘தலைச்செல்லுதல்’ என்ற சொல்லில் அதே அடிவைப்பு இருக்கிறது. வஞ்சியை, முல்லை என்ற அகத்திணைக்கு இணையான புறத்திணையாக வைத்தவரும் தொல்காப்பியரே. முல்லையின் பெயரைச் சுமக்கும் ஊரில் இருந்துகொண்டு அந்த வரியைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

வடமொழியிலும் இப்படியே. ‘க்ரம்’ என்றால் அடியெடுத்து வைத்தல். அதிலிருந்து வந்ததுதான் நம்முடைய ‘ஆக்கிரமிப்பு’. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை அக்ரெஷன் என்பதற்கு வரைவிலக்கணம் வகுத்தபோது மனத்தில் கொண்டிருந்தது இந்தப் பொருளை: ஒரு நாடு இன்னொரு நாட்டின்மேல் படை செலுத்துவது. வன்னியில் அந்தச் சொல் காணியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் படையினர் வசம் இருந்த தங்கள் நிலத்தைக் கேட்டு வீதியோரத்தில் உட்கார்ந்த நாட்களை நினைக்காமல் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லை எங்களால் உச்சரிக்க முடியாது. அதைக் கொண்டுவந்து பிள்ளையின் கோபத்துக்குப் பெயராக வைப்பது பொருந்தாது.

உளவியலில் அக்ரெஷனின் பொருள் வேறு. இன்னொருவருக்கு, அவர் விரும்பாத ஒரு தீங்கைச் செய்யும் எண்ணத்தோடு நடந்துகொள்வது. இழிவாகப் பேசுவதும் இதில் அடங்கும். ஆய்வுகூடத்தில் இதை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொத்தானை முதலில் அழுத்தும் போட்டி ஒன்றில் தோற்பவருக்கு எவ்வளவு உரத்த இரைச்சலைக் கொடுக்கலாம் என்று எதிராளியைத் தீர்மானிக்க விடுகிறார்கள். காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு காரச் சோஸ் ஊற்றுகிறார் என்றும் பார்க்கிறார்கள். கூட்டிவைத்த இரைச்சலும் அக்ரெஷன், கூடுதலாக ஊற்றிய சோஸும் அக்ரெஷன். இவற்றில் கிடைத்த முடிவு ‘வன்முறை கூடுகிறது’ என்ற தலைப்போடு வந்தால், அந்தத் தாய் அதை எப்படிப் படிப்பார்?

வயலன்ஸ் என்பது அக்ரெஷனின் கடைசிப் படி. உயிரைப் பறிப்பது, உடலைக் கடுமையாகக் காயப்படுத்துவது. அதற்கு ஈழத்தமிழில் ‘வன்செயல்’ என்ற உறுதியான சொல் இருக்கிறது. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் “77 வன்செயலில் வந்தோம்”, “83 வன்செயலில் வந்தோம்” என்று சொல்வதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ‘வன்முறை’ எதையும் ஏற்றிக்கொள்ளும் அகலமான சொல். வன்செயலில் செய்தவர் இருக்கிறார், பட்டவர் இருக்கிறார், காயம் இருக்கிறது.

அப்படியானால் அக்ரெஷனுக்கு என்ன சொல்? ‘மூர்க்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரு நேரத்து நடத்தைக்கு அந்தப் பெயரை வைத்தால் பிள்ளையே மூர்க்கனாகிவிடுவான். ‘ஆக்ரோஷம்’ கூச்சலோடு நின்றுவிடுகிறது. சொல்லைத் தந்தவர் அந்தத் தாயேதான். மகன் வீட்டில் எப்படி என்று கேட்டபோது, “தோற்றால் கத்துவான், தம்பியைத் தள்ளிவிடுவான், எங்களில் பாய்வான்” என்றார். ‘என்னில் பாயாதே’ என்பது எங்கள் வீடுகளில் தினமும் கேட்கும் பேச்சு. சீறுவது வாயால், பாய்வது உடலால். பாய்ச்சலில் பழைய அடிவைப்பும் இருக்கிறது. ஆகவே ‘சீறிப்பாய்வு’ என்று எழுதலாம் என்பது என் முன்மொழிவு.

இனி ஆய்வுகளை இந்த இரண்டு சொற்களோடு படித்துப் பாருங்கள். 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் கொலை செய்த இரு மாணவர்களும் ‘டூம்’ என்ற துவக்குச் சூட்டு கேமை விளையாடியவர்கள் என்பதால் சந்தேகம் உலகெங்கும் வலுத்தது. 2018இல் 24 ஆய்வுகளைச் சேர்த்து, 17,000க்கும் மேற்பட்ட இளையோரின் தரவுகளைப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, வன்மையான கேம்களை விளையாடுவோரிடம் உடல்சார்ந்த சீறிப்பாய்வு காலப்போக்கில் சிறிதளவு கூடுவதாகக் கண்டது. 2019இல் பிரித்தானியாவில் 14, 15 வயதினர் 1,004 பேரை ஆராய்ந்த ஒக்ஸ்போர்ட் ஆய்வு அந்தத் தொடர்பைக்கூடக் காணவில்லை. சீறிப்பாய்வைப் பற்றி ஆய்வாளர்களிடம் இன்னும் வாதம் ஓயவில்லை. வன்செயலைப் பற்றி அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தெளிவாகச் சொன்னது: கத்துதல், தள்ளுதல் போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, கேம்தான் வன்செயலுக்குக் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை.

அந்தத் தாயிடம் இதைத்தான் சொன்னேன். “அம்மா, அவன் பாய்வதைக் கவனியுங்கள். தோற்றதும் போனை வாங்கி வையுங்கள். தம்பியைத் தள்ளினால் அன்றைக்கு கேம் இல்லை என்று சொல்லுங்கள். ஆனால் அவன் வன்செயலுக்குப் போவான் என்று இந்த கேமை வைத்துப் பயப்பட வேண்டாம்.” அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சத்தத்தையாவது குறைக்கச் சொல்கிறேன், சேர். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை” என்றார்.