பத்தே நாளில் மாறிப்போன பெண்

கல்லூரி மாணவி. பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை. யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொன்னாள், காதில் குரல் கேட்டது. மனநல மருத்துவரான எனக்கு இது பழகிய காட்சி. மனச்சிதைவின் தொடக்கம் என்று நினைத்து மாத்திரை எழுதினேன். மூன்றாம் நாள் உடம்பு விறைத்தது, காய்ச்சல் ஏறியது, பேச்சு நின்றுபோனது. வாய் மட்டும் எதையோ மெல்லுவதுபோல் அசைந்துகொண்டே இருந்தது.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் அவள் அம்மாவிடம் கேட்டேன். "இதற்கு முன்னால் உடம்புக்கு ஏதாவது வந்ததா?"

"ரெண்டு நாள் காய்ச்சலும் தலைவலியும் இருந்தது டாக்டர். அது சாதாரணக் காய்ச்சல்தானே?"

அந்தக் காய்ச்சலே நோயின் தொடக்கமாக இருக்கலாம். அவளுக்கு வந்திருந்தது என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி. நினைவுக்கும் சிந்தனைக்கும் தேவையான என்எம்டிஏ ஏற்பிகள், அதாவது நரம்பணுக்களின் மேல் இருந்து செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள், மூளையில் உள்ளன. இந்த நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பணுக்களே (ஆன்டிபாடி என்னும் புரதங்கள்) அவற்றைப் பிடித்து நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடுகின்றன. கெட்டமின் மயக்க மருந்து தடுப்பதும் இதே ஏற்பிகளைத்தான். அந்த மருந்தாலும் சிலருக்கு மாயக்காட்சிகள் வரும். 2007இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் இந்த எதிர்ப்பணுக்களை அடையாளம் காட்டினார்கள். சில பெண்களுக்குச் சூலகத்தில் டெரட்டோமா என்ற, பலவகைத் திசுக்கள் கலந்து வளரும் கட்டி இருக்கும். அதிலுள்ள நரம்புத் திசுவை எதிர்க்கக் கிளம்பிய படை மூளையையும் தாக்குகிறது. கட்டியே இல்லாமலும் இந்த நோய் வரும்.

எம்ஆர்ஐ பலருக்கு நார்மலாகவே இருக்கும். அதை நம்பி நாங்களே ஏமாந்துபோவதுண்டு. ரத்தத்தில் தெரியாத எதிர்ப்பணு முதுகுத் தண்டுநீரில் தெரியலாம். "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்" என்று குடும்பத்தார் பயப்படுவார்கள். அதைப் பேசிப் புரியவைக்கவே அரை நாள் போய்விடும்.

குரல் கேட்கும் எல்லோருக்கும் இந்த நோய் என்று சொல்ல வரவில்லை, இது அரிது. ஆனால் நன்றாக இருந்தவர் சில நாள்களில் தலைகீழாக மாறினால், கூடவே வலிப்பு, விறைப்பு, குழறல், மறதி இருந்தால், மனநோய் மாத்திரை தந்ததும் நிலைமை மோசமானால், நரம்பியல் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

சிகிச்சை உண்டு: ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் (கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பணுக்கள்), பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்றுவது), கட்டி இருந்தால் அறுவை. நரம்பணுக்கள் பெரும்பாலும் அழிவதில்லை, ஏற்பிகள்தான் மேற்பரப்பில் குறைந்துபோகின்றன. எதிர்ப்பணுக்கள் குறைந்ததும் அவை திரும்பி வருகின்றன. 2013இல் வெளியான 577 பேரின் ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் சுமார் 80 சதவீதம் பேர் நன்கு தேறியிருந்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பெண் தானே நடந்து வந்தாள். நோயில் கிடந்த நாள்கள் எதுவும் அவள் நினைவில் இல்லை. என்னை யார் என்று அம்மாவிடம் கேட்டாள்.