பசித்த பனிமானுக்கு ரொட்டி போடாதீர்கள்

வட நார்வேயில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம் குளிர்காலச் சுற்றுலாப் பயணிகள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "ரோட்டோரம் எலும்பும் தோலுமாக ஒரு ரெயின்டியர் நிற்கிறது, ரொட்டி போடலாமா?" வேண்டாம்.

ரெயின்டியர் என்கிற பனிமானைக் குளிர் எளிதில் சாய்த்துவிடாது. அதன் முடிக்குள் காற்று அடைந்திருக்கும். வெளிவிடும் மூச்சின் சூட்டை மூக்கே பிடித்து வைத்துக்கொள்ளும். மைனஸ் 30 டிகிரியிலும் படுத்து அசைபோடும். அதற்கு எமன் மழைதான். நடுக்குளிரில் திடீரென்று சூடேறி மழை பெய்து, பிறகு உறைந்தால் மேய்ச்சல் நிலம் முழுக்க ஐஸ் மூடிவிடும். பொலபொலவென்ற பனியைக் குளம்பால் தோண்டி, அடியில் கிடக்கும் தீனியை மோப்பம் பிடிக்கும் விலங்குக்கு ஐஸை உடைக்க முடியாது. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் இப்படி மழை பெய்து உறைந்தது. அதையடுத்து ஏறத்தாழ 61,000 பனிமான்கள் பட்டினியால் மடிந்தன.

அந்தத் தீனியில் முக்கியமானது லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் இணைந்து வளரும் உயிரி. செட்டிநாட்டு மசாலாவில் சேர்க்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பனிமான் தின்னும் வகை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒருமுறை அழிந்தால் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். (கோடையில் அதன்மேல் வண்டி ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.) அதிலுள்ள உஸ்னிக் அமிலம் பல விலங்குகளுக்கு ஆகாது. பனிமானின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதையும் சமாளித்து லைக்கனைச் செரிக்கின்றன.

சிக்கலும் அந்த நுண்ணுயிர்களால்தான். பட்டினியில் அவை பெருமளவு செத்துக் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் ரொட்டியோ தானியமோ உள்ளே போனால், செரிப்பதற்குப் பதில் புளித்து அமிலமாகும். பொங்கலன்று பாசத்தோடு அளவுக்கு மீறிச் சோறு ஊட்டப்பட்ட மாடு, மறுநாள் வயிறு உப்பிக் கிடப்பதைத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே நோய்தான், இங்கே தாங்கும் தெம்பு இன்னும் குறைவு. வைக்கோல்கூடப் பாதுகாப்பல்ல. முரட்டு நார் செரிக்காமல் தங்கி, வயிறு நிறைந்திருக்கும்போதே மான் பட்டினியால் சாகும்.

மேய்ப்பவர்கள் தீனி போடுவதில்லையா? போடுகிறார்கள், அதுவும் இப்போதெல்லாம் அடிக்கடி. ஆனால் உடம்பு வற்றுவதற்கு முன்பே, சேகரித்து வைத்த லைக்கனில் தொடங்கி, பனிமானுக்கென்றே செய்த குச்சித் தீவனத்துக்குச் சிறிது சிறிதாகப் பழக்குவார்கள். அது இங்குள்ள சாமி (Sámi) என்ற பழங்குடி மேய்ப்பர்களின் தலைமுறை அனுபவம்.

இந்தப் பகுதியில் நீங்கள் பார்க்கும் பனிமான் காட்டு மான் அல்ல. காதிலுள்ள வெட்டுக்குறி எந்தக் குடும்பத்துடையது என்று சொல்லிவிடும். மெலிந்த மானைக் கண்டால் ஊர்க்காரர் யாரிடமாவது சொல்லுங்கள், உரியவருக்குச் செய்தி போய்விடும். கார் மோதிவிட்டால் போலீசுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நாயை அவிழ்த்துவிடாதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். விரட்டினால் மிச்சமிருக்கும் கொழுப்பையும் ஓடியே கரைத்துவிடும். குளிர்காலக் கடைசியில் கொம்போடு நிற்பவை பெரும்பாலும் பெண்மான்கள். அவற்றில் பல சினையாக இருக்கும், மே மாதவாக்கில்தான் ஈனும்.